சைக்காலஜியில மாஸ்டர்ஸ் பண்ணலாமா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

சைக்காலஜி படிச்சவங்க, படிச்சுட்டு இருக்கவங்க, வேற ஃபீல்டுல இருந்து இங்க வர நினைக்கிறவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்கறது சுத்திச் சுத்தி ஒரே சந்தேகங்களைத்தான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால விதிமுறை வர்ற இடத்துல எந்த நாடுன்னு சொல்லியிருக்கேன். இந்த ஃபீல்டுல ரூல்ஸ் அடிக்கடி மாறுது, அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்தந்த கவுன்சிலோட வெப்சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க.

அக்கா, இளங்கலை சைக்காலஜி முடிச்சிட்டேன். மாஸ்டர்ஸ் பண்ணினாத்தான் வேலை கிடைக்குமா?

நீங்க எந்த வேலையைச் சொல்றீங்கங்கறதுலதான் பதில் இருக்கு. ரெக்ரூட்மென்ட், ஹெச்ஆர், மார்க்கெட் ரிசர்ச், தொண்டு நிறுவனத்துல களப்பணி, ஆராய்ச்சி லேப்ல அசிஸ்டென்ட், சிறப்புக் குழந்தைகள் சென்டர்ல உதவியாளர், இதுக்கெல்லாம் இளங்கலையோடயே உள்ள போகலாம். ஆனா எதிர்ல ஒருத்தரை உக்கார வெச்சு அவங்க மனநலப் பிரச்சனைக்கு சிகிச்சை குடுக்கணும், டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ல கையெழுத்து போடணும்னா பெரும்பாலான நாடுகள்ல இளங்கலை பத்தாது. பிரேசில் மாதிரி அஞ்சு வருஷ இளங்கலை முடிச்சுட்டு பதிவு பண்ணி சைக்காலஜிஸ்டா வேலை பாக்கற நாடும் இருக்கு, ஆனா அது பொது வழக்கம் இல்ல.

அதனால மாஸ்டர்ஸ் பண்ணலாமா வேண்டாமாங்கற கேள்வியை கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு இதை முதல்ல பண்ணுங்க. உங்களுக்கு ஆசையா இருக்கற வேலைகளோட விளம்பரம் ஒரு பத்து எடுங்க, சம்பளம் நல்லா இருக்கறதை இல்ல, நிஜமாவே தினமும் போய் செய்யப் பிடிக்கும்னு தோணறதை. நோட்டுல மூணு கட்டம் போட்டு என்ன டிகிரி கேக்கறாங்க, என்ன லைசென்ஸ் கேக்கறாங்க, எத்தனை வருஷ அனுபவம் கேக்கறாங்கன்னு எழுதுங்க. லைசென்ஸ் கட்டம் பூரா நிரம்பிச்சுன்னா உங்களுக்கு மாஸ்டர்ஸோ அதுக்கு மேலயோ கண்டிப்பா வேணும். அனுபவக் கட்டம் மட்டும்தான் நிரம்புதுன்னா ரெண்டு வருஷம் படிக்கறதை விட ரெண்டு வருஷம் வேலை பாக்கறது உங்களை தூரமா கொண்டு போகும். கீழ இருக்கற பாதி கேள்விக்கு பதில் இந்த நோட்டுலயே கிடைச்சுடும்.

மாஸ்டர்ஸ் முடிச்சதும் நான் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டிக்கலாமா?

இதுலதான் ரொம்ப பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். டிகிரி குடுக்கறது பல்கலைக்கழகம், உங்களை நீங்க என்னன்னு அழைச்சுக்கலாம்னு முடிவு பண்றது சட்டம், ரெண்டும் வேற வேற. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல சைக்காலஜிஸ்ட்ங்கற பேருக்கு டாக்டரேட் வேணும், அதாவது பிஎச்டியோ, சைடிங்கற தெரபி பக்கம் சாஞ்ச டாக்டரேட்டோ, அப்புறம் சூப்பர்விஷன்ல, அதாவது அனுபவசாலி ஒருத்தர் மேற்பார்வையில வேலை பாத்த மணிக்கணக்கு, அதுக்கும் மேல இபிபிபிங்கற லைசென்ஸ் தேர்வு. ஆனா அதே அமெரிக்காவுல கவுன்சலர், திருமண குடும்ப தெரபிஸ்ட், கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர் இவங்கள்லாம் மாஸ்டர்ஸோட லைசென்ஸ் வாங்கி தெரபி பண்றாங்க. அப்போ தெரபிதான் உங்க ஆசைன்னா அங்க டாக்டரேட் கட்டாயமே இல்ல.

ஆஸ்திரேலியாவுல குறைஞ்சது ஆறு வருஷப் படிப்பும் பயிற்சியும் இருந்தா பதிவு பண்ணலாம், நாலு வருஷப் படிப்புக்கு மேல ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் அதுக்கு ஒரு வழி. கனடாவுல ஒரே நாட்டுக்குள்ளயே வித்தியாசம், ஆல்பர்ட்டாவுல மாஸ்டர்ஸோட சைக்காலஜிஸ்டா பதிவு பண்ணலாம், கியூபெக்ல டாக்டரேட் கேக்கறாங்க. பிரிட்டன்ல இன்னும் விசித்திரம், வெறும் சைக்காலஜிஸ்ட்ங்கற வார்த்தைக்கு சட்டப் பாதுகாப்பு கிடையாது, ஆனா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட் மாதிரி பேரெல்லாம் ஹெச்சிபிசிங்கற பதிவு கவுன்சில்ல பதிவு பண்ணவங்க மட்டும்தான் போட்டுக்கலாம். ஜெர்மனியில 2020 செப்டம்பர்ல இருந்து புது சட்டம், சைக்கோதெரபிக்கான மாஸ்டர்ஸ் முடிச்சு அரசுத் தேர்வு எழுதினா உரிமம் கிடைக்கும், சிறப்புப் பயிற்சி அதுக்கப்புறம்.

இந்தியாவுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்க எம்.ஏ., எம்.எஸ்சி. மட்டும் இருந்தா பத்தாது. ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்கீகரிச்ச படிப்பு முடிச்சு பதிவும் பண்ணணும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. ரொம்ப வருஷமா அந்த வழி மாஸ்டர்ஸுக்கு அப்புறம் ரெண்டு வருஷ எம்.ஃபில்லா இருந்துச்சு. 2022ல யுஜிசி எம்.ஃபில்லையே நிறுத்தினதால, கிளினிக்கல் சைக்காலஜிக்கு தற்காலிக நீட்டிப்பு குடுத்துட்டு வேற படிப்புகளைக் கொண்டு வந்துட்டு இருக்காங்க. அதனால பழைய சீனியர் சொல்ற ரூட்டை அப்படியே நம்பி சேந்துடாதீங்க, நீங்க சேர்ற வருஷத்துக்கு என்ன படிப்பு செல்லும்னு ஆர்சிஐ பட்டியல்ல பாருங்க.

அப்போ மாஸ்டர்ஸ் முடிச்சா ஐக்யூ டெஸ்ட்டாவது எடுக்கலாமா?

டெஸ்ட் விக்கற கம்பெனிங்களே வாங்கறவங்களோட தகுதியைப் பாத்துத்தான் விப்பாங்க. பியர்சன்ல ஏ, பி, சின்னு நிலை இருக்கு, பி நிலை டெஸ்டுகளுக்கு பொதுவா மாஸ்டர்ஸ் போதும், வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைங்கள்லாம் சி நிலை, அதுக்கு டாக்டரேட்டோ லைசென்ஸோ கேப்பாங்க. மாஸ்டர்ஸ்ல நீங்க அந்த டெஸ்ட்டை எடுக்கக் கத்துக்கலாம், சூப்பர்வைசர் மேற்பார்வையில எடுக்கவும் செய்யலாம், ஆனா தனியா எடுத்து உங்க பேர்ல ரிப்போர்ட் குடுக்கறதுக்கு மேல சொன்ன லைசென்ஸ் விஷயம்தான் மறுபடி வரும். ஒரு குழந்தையோட ஸ்கூல் அட்மிஷனோ, ஒருத்தரோட ஊனமுற்றோர் சான்றிதழோ அந்த ரிப்போர்ட்டை நம்பி நிக்கும்ங்கறதால இந்தக் கெடுபிடி நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

எம்.ஏ.வா எம்.எஸ்சி.யா, எதுக்கு மதிப்பு ஜாஸ்தி?

பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சில பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி.யில புள்ளியியலும் லேபும் கூடுதலா இருக்கும், சில இடத்துல ரெண்டுக்கும் சிலபஸ் ஒண்ணுதான். சிலபஸைப் பாருங்க, அங்கீகாரத்தைப் பாருங்க, அவ்ளோதான்.

எல்லா காலேஜ் வெப்சைட்லயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்காங்க. எது நல்ல கோர்ஸ்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

மாஸ்டர்ஸ்ல ரெண்டு ஜாதி இருக்குன்னு முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு லைசென்ஸுக்குக் கொண்டு போறது, இன்னொண்ணு பாடம் மட்டும் சொல்லிக் குடுக்கறது. ரெண்டாவது மோசம்னு சொல்லல, ஆராய்ச்சிக்கோ கார்ப்பரேட்டுக்கோ போறவங்களுக்கு அதுவே போதும், ஆனா தெரபிஸ்ட் ஆகணும்னு வந்து அதுல சேந்தவங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சு அழறாங்க. பிரோஷரை எடுத்து படம், ரேங்க், வேலைவாய்ப்பு சதவீதம் எல்லாத்தையும் தாண்டிப் போய் பிராக்டிகம் (அதாவது மேற்பார்வையோட செய்யற நேரடிப் பயிற்சி), இன்டர்ன்ஷிப்னு எழுதியிருக்கற பக்கத்துக்கு வாங்க. அங்க மணிக்கணக்கு போட்டிருக்காங்களா? எந்த ஆஸ்பத்திரி, எந்த கிளினிக்னு பேர் இருக்கா, இல்ல மாணவர்களே இடம் தேடிக்கணும்னு ஓரமா ஒரு வரி இருக்கா? ஒரு அளவு சொல்றேன், அமெரிக்காவுல கவுன்சலிங் படிப்புகளைச் சரிபாக்கற காக்ரெப் அமைப்போட அங்கீகாரம் இருக்கற கவுன்சலிங் மாஸ்டர்ஸ்ல குறைஞ்சது 100 மணி நேரம் பிராக்டிகம், அதுக்கு மேல 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அந்த 600ல 240 மணி நேரம் ஆளோட நேருக்கு நேர் வேலை பாத்திருக்கணும். நீங்க சேரப் போற கோர்ஸ்ல ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியை சுத்திப் பாத்துட்டு வர்றதுதான் இன்டர்ன்ஷிப்னா வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

அப்புறம் சூப்பர்விஷன். இந்த ஒண்ணுக்காகவே மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு சொல்லுவேன். ஒரு மாணவி தன்னோட செஷன் ரெக்கார்டிங்கை, கிளையன்ட் சம்மதத்தோட எடுத்ததை, சூப்பர்வைசர் முன்னாடி போட்டுக் காட்டறான்னு வெச்சுக்கோங்க. கிளையன்ட் "வீட்ல யாரும் என்கிட்ட பேசறதே இல்ல"ங்கறாங்க, அந்த வரி முடியறதுக்குள்ள மாணவி "நீங்களே போய் பேசிப் பாக்கலாமே"ன்னு சொல்லிடறா. சூப்பர்வைசர் அங்கயே நிறுத்தி, "அவங்க அப்படி சொன்னப்போ உனக்கு உள்ள என்ன ஆச்சு, ஏன் அவ்ளோ அவசரமா வழி சொன்ன?"ன்னு கேப்பாங்க. அந்த நாலு செகண்டைப் பத்தியே அரை மணி நேரம் பேச்சு ஓடும். இது எந்தப் புத்தகத்துலயும் வராது, யூடியூப்லயும் வராது. அதனால வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சூப்பர்விஷன், ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. கூடவே போன வருஷம் முடிச்ச ரெண்டு மூணு பேரைத் தேடிப் பிடிச்சு இப்போ என்ன பண்றாங்கன்னு கேளுங்க, காலேஜ் காட்டற ஆளை இல்ல, நீங்களா தேடின ஆளை.

கிளினிக்கல் எடுக்கவா, கவுன்சலிங்கா, இன்டஸ்ட்ரியலா? எதுக்கு ஸ்கோப் இருக்கு?

ஸ்கோப்பைப் பாத்து எடுத்தவங்க பாதியில சலிச்சுப் போறதை நிறைய பாத்துட்டேன். மாஸ்டர்ஸோட நேரா வேலைக்குப் போக முடியற பிரிவுன்னு பாத்தா நிறுவன உளவியல், அதான் நீங்க சொல்ற இன்டஸ்ட்ரியல், முன்னாடி நிக்கும், ஆள் தேர்வு, பயிற்சி, ஊழியர் சர்வே, இந்த வேலைகளுக்கு லைசென்ஸ் பொதுவா கேக்க மாட்டாங்க. ஆட்டிசம் குழந்தைகளோட வேலை பாக்கற பிகேவியர் அனலிஸ்டுக்கு பிசிபிஏங்கற சான்றிதழ் இருக்கு, அதுக்கும் மாஸ்டர்ஸ்தான் அடிப்படை. ஸ்கூல் சைக்காலஜிக்கு அமெரிக்காவுல மாஸ்டர்ஸுக்கும் டாக்டரேட்டுக்கும் நடுவுல ஸ்பெஷலிஸ்ட்னு ஒரு டிகிரி இருக்கு, கடைசி ஒரு வருஷம் 1200 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதுல குறைஞ்சது பாதி ஸ்கூல்லயே.

கிளினிக்கல்ங்கறது கடுமையான நோய் நிலைகளோட, ஆஸ்பத்திரியில, சைக்கியாட்ரிஸ்டோட சேந்து செய்யற வேலை. மருந்து எழுதறது சைக்கியாட்ரிஸ்ட், அவங்க மருத்துவம் படிச்சவங்க, அந்த வேலை வேணும்னா சைக்காலஜி மாஸ்டர்ஸ் வழியா போக முடியாது. கவுன்சலிங்ங்கறது பெரும்பாலும் வாழ்க்கையோட வர்ற சிக்கல்கள், உறவு, துக்கம், வேலை, பதட்டம். நடைமுறையில ரெண்டும் நிறைய கலக்கும், ஆனா லைசென்ஸ்ல கலக்காது.

ஆன்லைன்லயோ தபால் வழியிலயோ பண்ணினா செல்லுமா? வேலையை விட முடியாது எனக்கு.

இந்தியாவுல இதுக்கு இப்போ தெளிவான பதில் இருக்கு. 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து சைக்காலஜியை தொலைதூர வழியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யுஜிசி சொல்லிடுச்சு, 2021ல வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துக்குள்ள சைக்காலஜி வர்றதால இந்த முடிவு. அதனால யாராவது புதுசா தபால் வழி அட்மிஷன்னு போன் பண்ணினா பணம் கட்டாதீங்க.

மத்த நாடுகள்ல அப்படி மொத்தமா தடை இல்ல. அங்கீகாரம் இருக்கற ஆன்லைன் மாஸ்டர்ஸ் அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் இருக்கு, ஆனா லைசென்ஸுக்குப் போறதா இருந்தா பிராக்டிகம் மட்டும் நேர்லதான், அந்த இடத்தை நீங்க இருக்கற ஊர்லயே ஏற்பாடு பண்ணணும். அந்த மாசங்கள்ல முழு நேர வேலையும் பாத்துக்கிட்டு அதையும் செய்யறது ரொம்ப கஷ்டம், வேலையில நேரத்தைக் குறைச்சுக்க முடியுமான்னு முன்னாடியே பேசிடுங்க.

எனக்கு 34 வயசு, இன்ஜினியரிங் படிச்சு ஐடியில இருக்கேன். சைக்காலஜிக்கு மாறலாமா, லேட்டாயிடுச்சா?

லேட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில நாலு விஷயத்தைப் பாத்த ஆள் எதிர்ல உக்காந்திருக்கறது கிளையன்டுக்கு நல்லதுதான். உங்க விஷயத்துல மாஸ்டர்ஸ் உண்மையிலேயே உதவும், ஏன்னா அதுதான் உள்ள வர்ற கதவு. பிரிட்டன்ல வேற டிகிரி முடிச்சவங்களுக்குன்னே கன்வெர்ஷன் மாஸ்டர்ஸ் இருக்கு, பிபிஎஸ், அதாவது பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி, அங்கீகாரம் பெற்ற கோர்ஸை முடிச்சா சைக்காலஜி இளங்கலை படிச்சவங்களுக்கு சமமா மேல அப்ளை பண்ணலாம். அமெரிக்காவுல கவுன்சலிங் மாஸ்டர்ஸுக்கு பெரும்பாலும் எந்த டிகிரியும் சரிதான், சில அடிப்படைப் பாடம் மட்டும் கேப்பாங்க. சில இடங்கள்ல மட்டும் சைக்காலஜி இளங்கலைதான் வேணும்னு நிப்பாங்க, அதைப் பாத்துக்கோங்க.

ஆனா நேரா ராஜினாமா எழுதாதீங்க. தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன்லயோ முதியோர் இல்லத்துலயோ ஆறு மாசம் தன்னார்வலரா போங்க. அடுத்தவங்க கஷ்டத்தை வாரா வாரம் உக்காந்து கேட்ட பிறகும் ஆசை அப்படியே இருந்துச்சுன்னா தைரியமா வாங்க. அப்படியே உங்க டேட்டா, கோடிங் அனுபவத்தைத் தூக்கிப் போடணும்னும் இல்ல, யூசர் ரிசர்ச், ஆராய்ச்சி மையங்கள்ல புள்ளியியல் வேலை இதுக்கெல்லாம் ரெண்டும் தெரிஞ்ச ஆள் கிடைக்கறது கஷ்டம்.

நேரா பிஎச்டி போயிடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். அப்போ மாஸ்டர்ஸ் வேஸ்ட்டா?

அமெரிக்காவை வெச்சு சொல்றார்னா அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. அங்க பல பிஎச்டி புரோகிராம் இளங்கலையோடயே எடுத்துக்குவாங்க, கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் குடுப்பாங்க, போற வழியில மாஸ்டர்ஸ் டிகிரியும் தருவாங்க. மாஸ்டர்ஸுக்கு மட்டும் போனா பெரும்பாலும் சொந்தக் காசு, அதுக்கப்புறம் பிஎச்டி சேந்தாலும் பழைய கிரெடிட் எல்லாத்தையும் ஏத்துப்பாங்கன்னு நிச்சயம் இல்ல. ஆனா இளங்கலையில ஆராய்ச்சி அனுபவமே இல்லாதவங்க, மார்க் குறைஞ்சவங்க, ஃபீல்டு மாறி வர்றவங்க, இவங்களுக்கு தீசிஸ் இருக்கற மாஸ்டர்ஸ் ஒரு பாலம். மார்க் குறைவை அது பெரும்பாலும் மறக்கடிக்கும், ஆனா மாஸ்டர்ஸ்ல மார்க் நல்லா இருந்தாத்தான்.

தீசிஸை சடங்குக்குப் பண்ணாதீங்க. 2015ல ஒரு பெரிய குழு 100 சைக்காலஜி ஆய்வுகளை மறுபடி செஞ்சு பாத்தப்போ மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் அதே மாதிரி தெளிவான முடிவு குடுத்துச்சு, அதுல இருந்து நல்ல லேபுங்க எல்லாம் ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணி வெச்ச திட்டம், பொதுவுல வைக்கற டேட்டான்னு மாறிடுச்சு. ஆர்ங்கற புள்ளியியல் புரோகிராமிங் மொழி எழுதத் தெரிஞ்சு, இந்த முறையில ஒரு சின்ன ஆய்வு முடிச்சிருந்தா இன்டர்வியூவுல பேச உங்ககிட்ட விஷயம் இருக்கும். பிரிட்டன்ல கதை வேற, அங்க கிளினிக்கல் டாக்டரேட்டுக்கு மாஸ்டர்ஸை விட அசிஸ்டென்ட் சைக்காலஜிஸ்டா வேலை பாத்த அனுபவத்துக்குத்தான் எடை. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா இந்தியாவுல மாஸ்டர்ஸ்ல 55 சதவீதத்தோட நெட் தேர்வு, இட ஒதுக்கீட்டுல பல பிரிவுகளுக்கு 50. உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2023 ஜூலையில இருந்து பிஎச்டி கட்டாயம் இல்ல.

கடன் வாங்கிப் பண்ணலாமா?

முதல் பதில்ல சொன்ன நோட்டை எடுங்க. அந்த வேலைகள்ல ஆரம்பத்துல என்ன சம்பளம் வருதுன்னு நாலாவது கட்டம் போடுங்க. டிகிரி வாங்கின அன்னிக்கே முழு சம்பளம் வராதுன்னு ஞாபகம் இருக்கட்டும், லைசென்ஸுக்கு முந்தின சூப்பர்விஷன் காலம் ஒண்ணுல இருந்து மூணு வருஷம் கூட போகும், அப்போ சம்பளம் கம்மி, சில இடத்துல சூப்பர்விஷனுக்கு நீங்களே காசு குடுக்கணும். மாசத் தவணையை அந்தக் குறைஞ்ச சம்பளத்துல கட்ட முடியும்னா வாங்கலாம். அரசு பல்கலைக்கழகத்துல அதே அங்கீகாரத்தோட கோர்ஸ் இருக்கும்போது பேருக்காக பல மடங்கு கட்டறதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், லைசென்ஸ் கவுன்சில் காலேஜ் அழகைப் பாத்து மார்க் போடறது இல்ல.

மூணு மாச சிபிடி சர்டிபிகேட் வாங்கினா போதாதா?

சிபிடிங்கறது எண்ணத்தையும் நடத்தையையும் மாத்த உதவற ஒரு தெரபி முறை. ஏற்கனவே தகுதி இருக்கறவங்களுக்கு அந்த சர்டிபிகேட் மேல போடற திறமை, தகுதி இல்லாதவங்களுக்கு அது தகுதி ஆகாது. தீவிர தற்கொலை எண்ணத்தோட ஒருத்தர் உங்க முன்னாடி உக்காந்திருக்கும்போது என்ன கேக்கணும், யாரைக் கூப்பிடணும், எப்போ ரகசியத்தை உடைக்கலாம்ங்கறதை வார இறுதி கிளாஸ்ல கத்துக்க முடியாது. சர்டிபிகேட்டை மட்டும் வெச்சுக்கிட்டு தெரபிஸ்ட்னு உக்காராதீங்க, இது உங்க கேரியரைப் பத்தின விஷயம் மட்டும் இல்ல.

இங்க படிச்சிட்டு வேற நாட்டுக்குப் போனா இந்த டிகிரி செல்லுமா?

டிகிரி செல்லும், லைசென்ஸ் செல்லாது. போற நாட்டுல உங்க படிப்பை பாடம் பாடமா ஒப்பிட்டுப் பாப்பாங்க, குறையறதை அங்க படிக்கச் சொல்லுவாங்க. அதனால ரெண்டு விஷயத்தை இப்பவே பத்திரப்படுத்துங்க. ஒண்ணு, நீங்க படிச்ச வருஷத்தோட முழு சிலபஸ், பல்கலைக்கழக முத்திரையோட. ரெண்டு, பிராக்டிகம் மணிக்கணக்கு பதிவேடு, தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன வேலை, சூப்பர்வைசர் கையெழுத்து, அவங்க பதிவு எண். பத்து வருஷம் கழிச்சு அந்த சூப்பர்வைசர் எங்க இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது, கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிடணும். போக வேண்டிய நாடு ஏற்கனவே முடிவாயிடுச்சுன்னா மாஸ்டர்ஸையே அங்க பண்றது பல பேருக்கு சுத்து வழியைக் குறைக்கும்.

எனக்கே டிப்ரெஷன் இருந்து சிகிச்சை எடுத்தேன். நான் இந்த ஃபீல்டுக்கு வரலாமா?

வரலாம். இந்தக் கேள்வியை ரொம்ப பேர் மத்தவங்க இல்லாதப்போ மெதுவாத்தான் கேக்கறாங்க, அதனால சத்தமா சொல்றேன், சிகிச்சை எடுத்தது தகுதிக் குறைவு இல்ல. சில பயிற்சிப் படிப்புகள்ல மாணவர்களே தெரபிக்குப் போகணும்னு விதியே இருக்கு. பாக்க வேண்டியது இப்போ நீங்க எப்படி இருக்கீங்கங்கறதுதான். உங்க கதை மாதிரியே ஒரு கதையை அடுத்தவங்க சொல்லும்போது அவங்க பக்கத்துலயே இருக்க முடியுதா, இல்ல உங்க கதைக்குள்ள போயிடறீங்களா? ரெண்டாவதுன்னா இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கோங்க, அட்மிஷன் எங்கயும் ஓடிப் போகாது. உங்களையே குணப்படுத்திக்கத்தான் மாஸ்டர்ஸ்னா அதுக்குப் படிப்பு வேண்டாம், ஒரு நல்ல தெரபிஸ்ட் போதும். அட்மிஷன் கட்டுரையில இதைப் பத்தி எவ்ளோ எழுதணும்னு கேக்கறீங்க, ரெண்டு மூணு வரி போதும், மீதி இடத்துல நீங்க செஞ்ச வேலையை எழுதுங்க.

ஒரு வருஷம் முடிச்சுட்டேன் அக்கா, பிடிக்கவே இல்ல. விட்டுடவா?

எது பிடிக்கலன்னு பிரிச்சுப் பாருங்க. தியரி கிளாஸும் புள்ளியியலும்தான் பிடிக்கலன்னா கொஞ்சம் பொறுங்க, முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான் போகும், கிளையன்டைப் பாக்க ஆரம்பிச்ச பிறகு நிறைய பேருக்கு மாறிடும். கிளையன்டைப் பாக்கற நாள்தான் கனமா இருக்கு, முந்தின நாள் ராத்திரியே வயித்தைக் கலக்குதுன்னா முதல்ல சூப்பர்வைசர்கிட்ட அதை அப்படியே சொல்லுங்க, பயமா விருப்பமில்லாமையான்னு பிரிக்க அவங்களால முடியும். ரெண்டாவதுன்னு தெரிஞ்சா தெரபி பக்கத்தை விட்டுட்டு அதே டிகிரியை ஆராய்ச்சிப் பக்கமோ நிறுவன உளவியல் பக்கமோ திருப்ப முடியுமான்னு துறைத் தலைவர்கிட்ட கேளுங்க. பல இடத்துல ரெண்டாம் வருஷ விருப்பப் பாடத்தை மாத்த விடுவாங்க, சில இடத்துல அதுவரைக்கும் முடிச்சதுக்கு டிப்ளமோ குடுத்து அனுப்புவாங்க. விலகற படிவத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த டிப்ளமோ உண்டா, கட்டின ஃபீஸ்ல எவ்ளோ திரும்ப வரும், மறுபடி சேர எத்தனை வருஷம் டைம் இருக்குங்கற மூணையும் எழுத்துல வாங்கிக்கோங்க.